காதில் சொல்லாத பெயர்

அத்தியாயம் 11

சந்திரலேகா விடிந்தும் விடியாததுமாக ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டாள். விளக்கைப் போட்டதும் மேஜை ஓரத்தில் இருந்த சின்ன சிலிண்டரைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர்ப் புட்டி அளவுதான் இருந்தது. வெளிநாட்டிலிருந்து அது காரைக்குடி வந்து சேர்வதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது.

அதற்குள் இருந்தது மீத்தேன்.

அந்த ஒரு சொல்தான் தை மாதத்திலிருந்து அவளுக்கும் அவள் தம்பிக்கும் நடுவே நிற்கிறது.

சாக்கோட்டைக்கு அப்பால் இருக்கும் நாவல்கண்மாய் அவர்கள் ஊர். கண்மாய்க்கரையில் மீத்தேன் எடுக்கக் குழாய் இறக்கிச் சோதிக்க ஒரு கம்பெனி வந்தபோது, வண்டியை மறித்து முதல் ஆளாய் நின்றவன் பாண்டிமுருகன். அதே வாரம் ஒரு பத்திரிகையில் சந்திரலேகாவின் படம் வந்தது. மீத்தேனை எரிபொருளாக மாற்றும் விஞ்ஞானி என்று போட்டிருந்தார்கள். அந்தத் துண்டு ஊரில் கைபேசிக்குக் கைபேசி பறந்தது. "நீ இங்க கொடி புடிக்கிற, ஒங்கக்கா அங்க அடுப்பு மூட்டுறாளாம்ல" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

அன்றைக்கே அவன் அவளுடைய குவார்ட்டர்ஸுக்கு வந்தான். "அந்த வேலைய விட்டுரு, அக்கா" என்றான். அவள் முடியாது என்றாள். வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

தாய் போனபோது பாண்டிக்கு மூன்று வயது. பதினைந்து வயதில் அவனை இடுப்பில் தூக்கியவள் சந்திரலேகா. அப்பாவும் போன பிறகு, இந்த உலகத்தில் அவளை 'அக்கா' என்று கூப்பிட ஒரே ஒரு வாய்தான் இருந்தது. அதுவும் மூடிக்கொண்டது.

போன மாதம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பஸ் ஸ்டாண்டில் பார்த்த ஊர்க்காரப் பெண் ஒருத்தி சொல்லித்தான் அவளுக்கே தெரியும். பழத்தை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கட்டிலுக்கு வேறு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். "நேத்தே வீட்டுக்குப் போயிட்டாங்களே" என்றாள் ஆயா. பழத்தைப் பக்கத்துக் கட்டில்காரியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

குழந்தைக்காக வாங்கிய வெள்ளிக் கொலுசும் வசம்பு வளையலும் இன்னும் அவள் பீரோவில்தான் இருக்கின்றன.

"மேடம், உலை சூடு ஏறிடுச்சு."

சௌபர்ணிகா வந்து நின்றாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். சந்திரலேகாவிடம் ஆராய்ச்சி மாணவி. உலைக்குள் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு சிட்டிகைத் தூள். பார்வைக்கு லேசாகச் சிவந்த மாவு போல இருக்கும். கண்ணுக்குத் தெரியாத லட்சோபலட்சம் துளைகள் அந்தத் தூளில் உண்டு. ஒவ்வொரு துளைக்குள்ளும் இரும்பு அணு ஒன்று தனியே உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று அணுக்கள் ஒட்டிக்கொண்டால் காரியம் கெட்டது.

"தனியா இருந்தாத்தான் வேலை செய்யும் போல, மேடம்" என்று சௌபர்ணிகா ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். சந்திரலேகாவும் அப்போது கூடச் சிரித்தாள். வீட்டுக்குப் போன பிறகுதான் அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது.

மீத்தேன் ஒரு முரட்டு வாயு. சாணத்தில், குப்பைமேட்டில், அழுகிய எல்லாவற்றிலும் பிறக்கும். காற்றில் கலந்தால் பூமியைச் சூடாக்கும். எளிதில் எதனோடும் சேராது. சேர வைக்கப் பெருஞ்சூடு கொடுத்தாலோ அடியோடு எரிந்து புகையாகிவிடும். பாதி வழியில் நிறுத்தி அதை மெத்தனால் என்ற திரவமாக்க வேண்டும். ஊரோரத்துச் சாண எரிவாயுக் கூடத்தில்கூட, குறைந்த சூட்டில் அதைச் செய்ய வேண்டும். அதற்கு ஒரு வினையூக்கி வேண்டும். சந்திரலேகாவின் எட்டு வருஷமும் அந்தச் சிட்டிகைத் தூளில்தான் கரைந்திருந்தது.

தூள் மெத்தனால் கொடுத்தது உண்மை. ஆனால் வெளியிலிருந்து இன்னொரு விஞ்ஞானி சந்தேகம் கிளப்பினார். தூளைத் தயாரிக்கும்போது சேர்த்த ரசாயனத்தின் மிச்சக் கரிதான் மெத்தனாலாக வருகிறதோ, மீத்தேன் சும்மா உள்ளே போய் வெளியே வருகிறதோ என்று. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தச் சிலிண்டர் வந்திருந்தது. அதிலிருந்த மீத்தேனில் கரி அணு கொஞ்சம் கனமானது. அந்தக் கரி மெத்தனாலுக்குள் போயிருந்தால், எடை பார்க்கும் கருவியின் திரையில் 33 என்ற இடத்தில் கோடு எழும். எழாமல் சாதாரண மெத்தனாலின் எடையான 32-லேயே நின்றால் எட்டு வருஷமும் வீண்.

சிலிண்டரில் ஒரு சோதனைக்கான வாயுதான் இருந்தது.

அவள் திருகில் கை வைக்கப் போகும்போது கைபேசி அடித்தது. தெரியாத எண்.

"மதினி, நான் ஈஸ்வரி பேசுறேன்."

பாண்டியின் மனைவி. சந்திரலேகா சுவரோரமாய்ப் போனாள். "சொல்லுத்தா. எப்படி இருக்க? புள்ள எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. இன்னைக்குப் பேரு வைக்கிறோம். ராகு காலத்துக்கு முன்னாடி, பத்தரைக்குள்ள. அத்தைதானே காதுல பேரு சொல்லணும். நீங்க வந்துருங்க."

ஈஸ்வரியின் குரல் தாழ்ந்திருந்தது. பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"பாண்டிக்குத் தெரியுமா, நீ கூப்புடுறது?"

பாத்திரச் சத்தம் நின்றது.

"அதெல்லாம் எதுக்கு மதினி இப்ப? வாரீகளா இல்லையா?"

"வாரேன்."

அவனுக்குத் தெரியாமல்தான் கூப்பிடுகிறாள் என்று சந்திரலேகா நினைத்துக்கொண்டாள். போய் நின்றால் அவன் என்ன சொல்வானோ. இருந்தாலும் 'வாரேன்' என்று சொன்னதிலேயே உடம்பு இலேசானது போலிருந்தது.

சௌபர்ணிகா அவள் முகத்தைப் பார்த்தாள். "மேடம், நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்."

சந்திரலேகா உலையைப் பார்த்தாள், சிலிண்டரைப் பார்த்தாள். நேரம் நிறைய இருந்தது. சோதனை ஒரு மணி நேரம். ஸ்கூட்டரில் ஊருக்கு அரைமணி.

"முடிச்சுட்டே போறேன்" என்றாள்.

வாயுவைத் திறந்தார்கள். அழுத்தமானியின் முள் ஏறி நின்றது. பிறகு மெல்லச் சரியத் தொடங்கியது.

"லீக்" என்றாள் சௌபர்ணிகா, வெளுத்துப்போய்.

திறந்ததை அடைத்தார்கள். இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார்கள். கடைசியில் உலைக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில் ஒரு திருகு தளர்ந்திருந்தது. அதைக் கழற்றி, மாற்றி, குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றி, மறுபடி சூடேற்ற வேண்டியிருந்தது. மீதமிருக்கும் வாயு போதுமா என்ற கணக்கைத் தவிர சந்திரலேகாவுக்கு வேறு நினைவே இல்லை. சுவர்க் கடிகாரம் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் திரும்பவில்லை.

திரையில் கோடு எழுந்தபோது இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

32-ல் ஒரு சின்ன மேடு. அதைத் தாண்டி, 33-ல், நெட்டுக்குத்தாக.

"வந்துருச்சு மேடம்." சௌபர்ணிகாவின் கண்ணில் நீர் தளும்பியது. அடுத்த நொடி கைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். "அம்மா, கிடைச்சுடுச்சும்மா" என்று அவள் சொல்வது கண்ணாடிக் கதவு வழியாகக் கேட்டது. பிறகு அப்பாவிடம் சொன்னாள். பிறகு யாரோ ஒரு தோழியிடம்.

சந்திரலேகாவும் கைபேசியை எடுத்தாள். யாரிடம் சொல்வது? எண்களின் வரிசை கீழே கீழே ஓடியது. எரிவாயு ஏஜென்சி, பால்காரர், பிளம்பர், திருப்பத்தூரில் கூடப் படித்த ஒருத்தி. அவளோடு பேசி எத்தனையோ வருஷமாகிவிட்டது. எந்தப் பேரிலும் விரல் நிற்கவில்லை.

பாண்டி என்ற பேரில் நின்றது. 'வந்துருச்சுடா' என்று அடித்தாள். அழித்தாள்.

அப்போதுதான் திரையின் மூலையில் மணியைப் பார்த்தாள். பத்தரை தாண்டி வெகுநேரமாகியிருந்தது.

பையை அள்ளிக்கொண்டு மாடியிறங்கினால், பியூன் எதிரே வந்தார். "இயக்குநர் ஐயா கூப்பிடுறாங்கம்மா. உடனே வரச் சொன்னாங்க."

இயக்குநர் சத்தியமூர்த்தியின் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டு போட்டவர் எழுந்து கும்பிட்டார். அவர் சொன்ன கம்பெனியின் பேரைக் கேட்டதும் சந்திரலேகா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். நாவல்கண்மாய்க்குக் குழாயோடு வந்த கம்பெனி.

"உட்காருங்க சந்திரலேகா" என்றார் சத்தியமூர்த்தி. "உங்க வேலையைப் பத்தி ரொம்ப ஆர்வமா இருக்காங்க."

கோட்டுக்காரர் மென்மையாகப் பேசினார். "மீத்தேன் கிணத்து வாசல்லயே உங்க வினையூக்கியை வச்சு வாயுவைத் திரவமா மாத்திடலாம் மேடம். புகை இல்லை, நெருப்பு இல்லை. நீங்க அந்த ஊர்க்காரவங்க. ஆபத்து இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊர் கேக்கும்."

"நான் கிணத்து வாயுவுக்காக இதைச் செய்யலை. சாண வாயு, குப்பை வாயு, அதுக்காகச் செஞ்சது."

"வாயு ஒண்ணுதானே மேடம்."

அதற்குப் பதில் இருந்தது. சொல்ல நேரம் இல்லை. அவள் மனது ராகு காலத்தைத் தாண்டி, ஊரில், ஒரு தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"யோசிச்சுச் சொல்றேன் சார். நான் அவசரமா ஊருக்குப் போகணும்."

"திங்கக்கிழமை சொல்லுங்க, போதும்" என்றார் சத்தியமூர்த்தி.

"ஒரே ஒரு போட்டோ மேடம்" என்றார் இரண்டாமவர், கைபேசியைத் தூக்கிக்கொண்டு. "வந்ததுக்கு அடையாளமா."

மறுத்தால் பேச்சு நீளும். அவள் இருவருக்கும் நடுவில் நின்றாள். ஒரு நொடி. அதை அப்போதே மறந்தும் போனாள்.

குவார்ட்டர்ஸுக்குப் போய்க் கொலுசையும் வளையலையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினாள். சாக்கோட்டை தாண்டி மண்பாதையில் திரும்பியதும் ஒரு தட்டி கண்ணில் பட்டது. 'எங்கள் கண்மாயைத் தொடாதே' என்ற எழுத்துக்குக் கீழே பாண்டி கை உயர்த்தி நின்றான். முன்பைவிட இளைத்திருந்தான். தட்டியைப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வாசலில் சின்னப் பந்தல். பந்தி ஓடிக்கொண்டிருந்தது. அவள் வண்டியை நிறுத்தி இறங்கியதும் பேச்சு அடங்கியது. போராட்டத்து ஆட்கள் பலர் அங்கே இருந்தார்கள். பார்த்தார்கள், இலைக்குக் குனிந்துகொண்டார்கள். யார் வாயிலிருந்தும் 'வா' என்று ஒரு சொல் வரவில்லை. பிறந்து வளர்ந்த வீட்டின் வாசலில், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

சாம்பார் வாளியோடு வந்த பாண்டி அவளைப் பார்த்தான். வாளியைக் கீழே வைத்தான்.

"பேரு வச்சாச்சு" என்றான்.

அவள் தலையை அசைத்தாள்.

"உள்ள போயிச் சாப்புடு." மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனான்.

உள்ளே ஈஸ்வரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சேலைத் தொட்டில். சந்திரலேகா கொண்டு வந்ததைத் தலைமாட்டில் வைத்தாள். குழந்தை தூங்கியது. நெற்றி அப்படியே பாண்டியின் நெற்றி.

"மன்னிச்சுருத்தா. லேட்டாயிருச்சு."

ஈஸ்வரி தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"உங்க தம்பிதேன் போன் பண்ணச் சொன்னாக" என்றாள் கடைசியில். "எஞ்சித்தப்பா போன்ல இருந்து பேசச் சொல்லிப் பக்கத்துலயே நின்னாக. நாஞ்சொன்னேன்னு சொல்லாதன்னுட்டாக."

சந்திரலேகா அவள் முகத்தையே பார்த்தாள்.

"மடியில புள்ளைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டாக. எங்கக்கா வரும், எங்கக்கா வரும்னு. நேரமாகுதுன்னு எல்லாரும் சத்தம் போட்டாக. வண்டிச் சத்தம் கேக்கும்போதெல்லாம் வாசலப் பாத்தாக. கடைசியில எந்தங்கச்சி மீனுதேன் பேரு சொன்னா. அவ எப்படி அத்தையாவா, மதினி? ஆனா வேற ஆளு இல்ல."

"என்ன பேரு?"

"உமையாள்."

அது அவர்களுடைய அம்மாவின் பேர்.

சந்திரலேகா தொட்டிலின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லி எத்தனை வருஷமாயிற்று என்று நினைக்க முயன்றாள். இந்த வீட்டில் அதை மறுபடி முதலாவதாகச் சொல்லும் உரிமை அவளுக்கு இருந்தது. அந்த நேரத்தில் அவள் உலைக்குப் பின்னால் குனிந்து ஒரு திருகைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பாண்டி கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ.

"ஏன் வரல?"

பொய் சொல்லிவிட எத்தனையோ காரணம் இருந்தது. வண்டி பஞ்சர் என்றால் போதும்.

"ஒரு சோதனை ஓடிக்கிட்டு இருந்துச்சு. விட்டுட்டு வர மனசு வரலடா."

அவன் தரையைப் பார்த்தான். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. நெனச்சது வந்துருச்சு."

"என்ன வந்துச்சு?"

அவன் கேட்டது கோபத்தில் இல்லை. அதனால் அவளுக்குச் சொல்ல வந்தது. "ஆட்டுக்குக் காதுல வெட்டு வச்சு மேய விடுறோம்ல, எங்க போனாலும் நம்ம ஆடுன்னு தெரிய. அது மாதிரி மீத்தேனுக்கு ஒரு அடையாளம் வச்சு உள்ள விட்டேன். அதே அடையாளத்தோட எரிபொருளா வெளிய வந்துச்சு. அப்ப நான் செஞ்சது நெசந்தேன்னு அர்த்தம்."

அன்று முழுக்க அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொன்னாள். அவன் புருவத்தைச் சுருக்கினான். சின்ன வயதில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது இப்படித்தான் நிற்பான்.

"நல்லதுதேன்" என்றான். "ஊருக்கு?"

"சாணத்துல வார வாயு போதும் எனக்கு. கண்மாயத் தோண்ட வேண்டாம்."

"ஒனக்குப் போதும். கம்பெனிக்காரனுக்குப் போதுமா?" நேராக அவள் கண்ணைப் பார்த்தான். "அவன் ஒங்கிட்ட வந்தானா?"

"வந்தாங்க. இன்னைக்குத்தேன். நான் ஒத்துக்கிடல. எதுலயும் கையெழுத்துப் போடல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் முகம் தளர்ந்தது. திரும்பி வாசலுக்குப் போனான். பந்தலில் இருந்தவர்களிடம் அவன் பேசுவது உள்ளே தெளிவாகக் கேட்டது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எங்கக்கா அந்தக் கம்பெனி பக்கம் நிக்கல. எம்மக மேல ஆணையாச் சொல்றேன். இனிமே எவனும் அதைப் பத்திப் பேசப்படாது."

யாரோ "சரிப்பா" என்றார். ஒரு கிழவர் உள்ளே எட்டிப் பார்த்து, "சாப்புட்டியாத்தா" என்று கேட்டார். சந்திரலேகா இலையில் உட்கார்ந்தாள். பாண்டியே பரிமாறினான். இரண்டாந்தடவை பாயசம் ஊற்றும்போது மட்டும், "மெலிஞ்சு போயிட்ட" என்றான்.

"நீயுந்தேன்" என்றாள்.

புறப்படும்போது வெயில் சாய்ந்திருந்தது. மண்பாதை முடிந்து தார்ச்சாலையில் ஏறியதும் பைக்குள் கைபேசி விடாமல் அதிர்ந்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தாள். சௌபர்ணிகா ஒரு படம் அனுப்பியிருந்தாள்.

இயக்குநரின் அறை. கோட்டுக்காரர்கள் இரண்டு பக்கமும், நடுவில் அவள். அவசரத்தில் உதட்டில் வந்த சிரிப்பு படத்தில் மனமார்ந்த சிரிப்பாகத் தெரிந்தது. கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். கீழே எழுதியிருந்தது: 'நாவல்கண்மாய்த் திட்டத்துக்குக் கைகொடுக்கிறார் மண்ணின் மகள்.'

அவள் இரண்டு தரம் படித்தாள். பாண்டியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். போட்டோ எடுத்ததை மட்டும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. நினைவே வரவில்லை. அதை இனி யார் நம்புவார்கள்?

சாலை இரண்டு பக்கமும் ஆளரவம் இல்லாமல் நீண்டு கிடந்தது. காரைக்குடி முன்னால் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டால் அங்கே யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அவள் ஸ்கூட்டரை ஊரைப் பார்த்துத் திருப்பினாள்.

கிளப்புவதற்குள் கைபேசி மறுபடி அடித்தது. மாதக்கணக்கில் வராத பேர் திரையில் ஒளிர்ந்தது. பாண்டி.

எடுத்தாள். பின்னால் ஆண்களின் குரல் பலவாக மோதிக்கொண்டு கேட்டது. "புள்ள மேல ஆணை வச்சயேப்பா" என்று ஒரு குரல் தனியாக உயர்ந்தது. குழந்தை வீறிட்டு அழுதது.

"அக்கா" என்றான் பாண்டி. குரல் உலர்ந்திருந்தது. "போட்டோவுல நிக்கிறது நீதானா?"

"நான்தான்டா."

அந்தப் பக்கம் கூச்சல் பெரிதானது. அவள் குரலை உயர்த்தினாள்.

"நான் ஒத்துக்கிடலங்கிறது நெசம். அந்தப் போட்டோவும் நெசம். ரெண்டையும் நானே வந்து பந்தல்ல நின்னு சொல்றேன். அதுவரைக்கும் நீ யாருக்கும் பதில் சொல்லாத."

அவன் சரி என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. இணைப்பையும் துண்டிக்கவில்லை.

அவள் கைபேசியை அணைக்காமல் அப்படியே கைப்பையின் வெளி அறையில் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். காற்றின் இரைச்சலுக்கு நடுவே குழந்தையின் அழுகை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே வந்தது.